விளைந்ததை வைத்து ஊர் விருந்து: தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு

பக்கத்து வயல் விளைச்சலில் நூறு பேருக்கு விருந்து வைக்கிறவர்கள் முதலில் இடறுவது உணவுப் பட்டியலில்தான். ஒரு மாதம் முன்பே அச்சடித்துவிட்டால், அன்றைக்கு அந்தக் காய் ஒன்று பிஞ்சாக இருக்கும், இல்லை முற்றியிருக்கும். அரிசி, பருப்பு, பூசணி, கிழங்கு என்று இருப்பு வைக்கக்கூடியதை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். ஒரு குழம்பும் ஒரு கூட்டும் காலியாகவே இருக்கட்டும். நாலு நாள் முன்பு வயலில் நின்று பார்த்துவிட்டு அவற்றை நிரப்பலாம். ஒரே காயை இரண்டு பேரிடம் பாதிப் பாதியாகச் சொல்லி வையுங்கள். ஒருவர் தோட்டத்தில் மழைத்தண்ணீர் நின்றாலும் இன்னொருவர் கைகொடுப்பார்.

எடை சொல்லும்போது சுத்தம் செய்த காயிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். ஆளுக்கு 100 கிராம் நறுக்கிய பூசணி என்றால் 10 கிலோ. தோல், குடல், விதை என்று சுமார் நாலில் ஒரு பங்கு போகும். ஆக 13.5 கிலோ முழுக்காய். "இருபது காய் கொடுங்க" என்று எண்ணிக்கையில் கேட்டால் வம்புதான். தோட்டத்துக்குத் தோட்டம் காயின் அளவு மாறும்.

* * *

மேலே சொன்ன பங்கு கீரைக்குப் பொருந்தாது. வேரும் தண்டும் எவ்வளவு என்பதைப் பொறுத்துக் கழிவு எகிறும். ஒரு கிலோவை ஆய்ந்து, எடை போட்டுப் பார்த்த பிறகு மொத்தம் சொல்லுங்கள்.

வயலிலிருந்து நேராக வரும் கீரையில் மண் அதிகம். பெரிய தொட்டி மூன்று வேண்டும். முதல் தொட்டியில் அமுக்கி அலசி, ஐந்து நிமிடம் அசைக்காமல் விட்டால் மண் அடியில் தங்கும். பிறகு கீரையைக் கையால் அள்ளி அடுத்த தொட்டிக்கு மாற்ற வேண்டும். அவசரத்தில் தொட்டியைச் சாய்த்துச் சல்லடையில் கொட்டினால், தங்கிய மண் அத்தனையும் திரும்பக் கீரை மேலேயே விழும். எத்தனை முறை அலசினாலும் வாயில் நறநறப்பது இதனால்தான். மூன்றாவது தொட்டியின் அடியைத் தடவிப் பாருங்கள். விரலில் மணல் ஒட்டினால் இன்னொரு தண்ணீர். நறுக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

* * *

அண்டாவில் சமைக்கிறவர்களுக்கு: நாலு பேர் அளவை அப்படியே 25-ஆல் பெருக்காதீர்கள். அண்டாவில் கொள்ளளவைப் பார்க்க மேல்பரப்பு குறைவு, ஆவியாவதும் குறைவு. அதே விகிதத்தில் தண்ணீர் ஊற்றினால் குழம்பு நீர்த்துப் போகும். முக்கால் பங்கில் ஆரம்பியுங்கள். உப்பு 20 கிலோ குழம்புக்கு 160 கிராம் போட்டு, ருசி பார்த்து ஏற்றலாம். தக்காளியோ எலுமிச்சையோ, புளிப்பு எதுவானாலும் பருப்பு மசிந்த பிறகே. முன்னால் போட்டால் பருப்பு வேக மறுக்கும்.

சிவப்பு ராஜ்மா வைப்பதானால் 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். அரை மணி நேரம் கொதித்தால் இன்னும் நிம்மதி. சிறு தீயில் அரைவேக்காடாக விட்டால் அதிலுள்ள லெக்டின் என்கிற நச்சுப் புரதம் அழியாது. சில மணி நேரத்தில் வாந்தி தொடங்கும்.

* * *

விருந்து முடிந்து வயிறு கெட்டால் எல்லோரும் காயைத்தான் குறை சொல்வார்கள். பல நேரம் குற்றவாளி கடிகாரம். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் கிருமி பெருகும்; சமைத்தது அந்தச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 30 லிட்டர் அண்டாவை மூடி வைத்துவிட்டுப் போனால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கொதியில் சாகாத கிருமி வித்துகள் அங்கே முளைக்கும். திரும்பச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்கிற பேச்சு சோற்றில் எடுபடாது. பேசிலஸ் சீரியஸ் என்கிற கிருமி விடும் வாந்தி நச்சு கொதித்தாலும் அழிவதில்லை. மிஞ்சுவதை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் அகலத் தட்டுகளில் பரப்பி, சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் ஏற்றுங்கள்.

உணவு வெப்பமானி ஒன்று அவசியம். "கை வைச்சா சுடுது" என்பது அளவே இல்லை. 50 டிகிரியே கையைச் சுடும்.

* * *

பரிமாறுவதில் இரண்டே கணக்கு. ஒருவருக்கு 15 விநாடி என்றால் ஒற்றை வரிசையில் 100 பேருக்கு 25 நிமிடம். மேசைக்கு இருபுறமும் வரிசை விட்டால் பாதி நேரம்.

அடுத்தது கரண்டி. 120 மில்லி கரண்டியில் 100 பேருக்கு 12 லிட்டர் குழம்பு. நடுவில் யாரோ ஆர்வத்தில் 150 மில்லி கரண்டியை எடுத்துக்கொண்டால் அதே 12 லிட்டர் 80-வது ஆளோடு தீரும். அளவு கரண்டியை அந்தந்தப் பாத்திரத்தின் கைப்பிடியிலேயே கயிற்றால் கட்டிவிடுங்கள்.