மணிமுத்தாற்று மணலும் கருவேல முள்ளும்: ஜீப்புல ஆறு இறங்குறவங்களுக்கு

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து:
எங்க சிவகங்கை மாவட்டத்து மணிமுத்தாறு, பாம்பாறு, சருகணியாறு எல்லாம் வருஷத்துல பாதிக்கு மேல மணலாத்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையிலதான் தண்ணி. அதனால இங்க வண்டி மாட்டுறது ஆழத்துல இல்ல, மணல்லதான். மேல காஞ்சு கெட்டியாத் தெரியும், உள்ள ஈரத்துல குழைஞ்சு கிடக்கும். கரையிலேயே டயர் காத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கிருங்க. 15க்குக் கீழ போனா, ஸ்டீயரிங்கை ஒடிக்கிறப்ப டயர் ரிம்மை விட்டுக் கழண்டுரும். ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்குற நிலை), ரெண்டாவது கியர், ஒரே சீரான மிதி. சக்கரம் நின்ன இடத்துலயே சுத்துனா உடனே காலை எடுத்துருங்க. மேல மேல மிதிச்சா ஆக்சில் மணல்ல உக்காந்துரும், அப்புறம் மண்வெட்டிதான்.

காரைக்குடியிலிருந்து:
அண்ணே, தண்ணி ஓடுறப்ப மணல் அள்ளுன குழிதான் பெரிய ஆபத்து. கலங்கல்ல கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு சக்கரமும் போற ரெண்டு தடத்துலயும் கம்பால குத்திக்கிட்டே நடந்து போய் வரணும். 2020ல வந்த மஹிந்திரா தாருக்கு 650 மி.மீ. ஆழம்னு கம்பெனி சொல்லுது. அதை நம்பித் தண்ணி இழுக்குற இடத்துல இறங்கக் கூடாது. முழங்கால் அளவு தண்ணி ஆளைத் தள்ளுச்சுன்னா வண்டி திரும்பிறணும். உள்ளூர்ல மழை இல்லைன்னாலும் மேல ஒரு கண்மாய் மறுகால் பாஞ்சா ஓடையில தண்ணி ஏறும். மேல கலுங்குல (கண்மாய் நிறைஞ்சு வழியுற இடத்துல) தண்ணி போகுதான்னு கேட்டுட்டு இறங்குங்க.

நடு ஆத்துல எஞ்சின் நின்னுட்டா சாவியைத் தொடாதீங்க. கயிறு கட்டி இழுத்துக் கரை சேத்து ஏர் ஃபில்டரைப் பாருங்க. நனைஞ்சிருந்தா சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருக்கலாம். தண்ணி அமுங்காது, ஸ்டார்ட் அடிச்சா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும்.

திருப்பத்தூரிலிருந்து:
ரெண்டு பேரும் சொல்லாதது ஒண்ணு: காத்தை இறக்குன டயரோட கருவேலங்காட்டுத் தடத்துல நுழையாதீங்க. டயரோட பக்கச் சுவர் பிதுங்கி நிக்கும், சீமைக்கருவேல முள் நேரா அங்க ஏறும். தரையில உருள்ற பகுதியில குத்துனா பிளக் போட்டு ஓட்டலாம், பக்கச் சுவருக்குப் பிளக் நிக்காது. அக்கரை ஏறுனதும் கம்ப்ரஸர் போட்டு 28க்காவது ஏத்திக்கோங்க.

ஒதுக்குக் காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம கூடாது. வேட்டங்குடிச் சரணாலயத்துக் கண்மாய்ப் பக்கம் வண்டியே வேண்டாம். பறவைங்களுக்காக அந்த ஊர்க்காரங்க தீபாவளிக்கே வெடி போடுறதில்லை.

ஓடி வந்த சூட்டோட ஆத்துல விட்டா டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவுல இருக்குற பல்சக்கரப் பெட்டி) குளிர்ந்து சீல் வழியாத் தண்ணியை உறிஞ்சும். இறங்குறதுக்கு முன்ன பத்து நிமிஷம் ஆற விடுங்க. வீடு வந்து அந்த டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்க, பால் மாதிரி வெளுத்திருந்தா அன்னைக்கே மாத்திருங்க.