மாடல் அலாரம் அடித்தது, அப்புறம் என்ன நடந்தது? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அதிர்வுப் பகுப்பாய்வுப் பொறியாளர்:

சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளந்து, பழுது முற்றும் முன்னே சொல்வது என் வேலை. மோட்டார், பம்ப், கம்ப்ரசர், கியர்பாக்ஸ் எல்லாம் இதில் அடக்கம். இயந்திரக் கற்றல், அதாவது பழைய தரவிலிருந்து தானே கற்றுக்கொண்டு முடிவு சொல்லும் கணினி மாடல், எங்கள் துறைக்குள் வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. நூற்றுக்கணக்கான சென்சார்களை இரவு பகலாக மனிதர்கள் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. ஆனால் ஆய்வுக் கட்டுரையில் 99 சதவீதம் துல்லியம் காட்டிய மாடல், ஆலைக்குள் வந்ததும் ஏன் தடுமாறுகிறது என்ற பேச்சு அதிகம் எழுவதில்லை. மருத்துவத்திலும் இதே கதைதான் என்று கேள்விப்படுகிறேன். அதனால் இரண்டு பக்கத்து ஆட்களும் தாங்கள் பார்த்ததை எழுத வேண்டும் என்று ஆசை. நான் தொடங்குகிறேன்.

பேரிங் என்பது சுழலும் தண்டைத் தாங்குவது; உள்வளையம், வெளிவளையம், நடுவில் உருளைகள் இருக்கும். பேரிங் பழுதுக்கான மாடல்கள் பலவும் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் வெளியிட்ட தரவில் சோதிக்கப்பட்டவை. 2 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றின் பேரிங்குகளில் மின்பொறியால் 0.007 அங்குலம், 0.014 அங்குலம் என்று குழி போட்டு, ஓடவிட்டு, அதிர்வை விநாடிக்கு 12,000 முறையும் 48,000 முறையும் பதிந்தார்கள். அருமையான தரவு. துறைக்கு அது செய்த உதவி பெரிது. சிக்கல் அதைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. ஒரே பேரிங்கின் நீண்ட பதிவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, எல்லாவற்றையும் குலுக்கி, பாதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் அதே பேரிங். மாடல் பழுதைக் கற்றதா, அந்த ஒரு பேரிங்கின் குரலைக் கற்றதா என்று எப்படித் தெரியும்? பயிற்சியில் ஒரு பேரிங், சோதனையில் வேறொரு பேரிங் என்று பிரித்துப் பார்த்தால் மதிப்பெண் இறங்கிவிடுகிறது. யார் எந்த மாடலைக் கொண்டுவந்தாலும் தரவை எப்படிப் பிரித்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

இப்போது நேரில் பார்த்தது. ஒரு நீர் பம்ப்பில் மாடல் ‘வெளிவளையப் பழுது’ என்று சொன்னது. தன் முடிவில் அது காட்டிய நம்பிக்கை அளவும் உயரத்தில் இருந்தது. பேரிங்கைக் கழற்றிவிடலாம் என்று மெயின்டனன்ஸ் குழு தயாராகிவிட்டது. கழற்றும் முன், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் படத்தைப் பார்ப்போம் என்றேன். வெளிவளையத்தில் குழி விழுந்தால் ஒவ்வொரு உருளையும் அதைத் தாண்டும்போது ஒரு தட்டு விழும். 6205 வகை பேரிங்கில் தண்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஏறத்தாழ 3.58 தட்டு. அந்தந்தப் பேரிங்கின் வடிவளவை வைத்துக் கணக்குப் போட்டால் எந்த இடத்தில் முகடு எழ வேண்டும் என்று தெரிந்துவிடும். எங்கள் படத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அதற்குப் பதில் உயர் அதிர்வெண் பகுதி முழுக்கப் பரவலான இரைச்சல். அது நீர்க்குமிழிகள் உருவாகி உடையும் சத்தம், அதாவது கேவிட்டேஷன். உறிஞ்சும் பக்கத்து வடிகட்டியைத் திறந்தால் பாதி அடைத்துக் கிடந்தது. சுத்தம் செய்ததும் இரைச்சல் அடங்கியது.

மாடல் பொய் சொல்லவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏதோ மாறிவிட்டது என்று அது கண்டுகொண்டது சரி. அதற்குத் தெரிந்த பெயர்களில் கேவிட்டேஷன் இல்லை. அதனால் இருப்பதிலேயே நெருங்கிய பெயரைச் சூட்டியது. யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் இருந்த பம்ப் அது. மாடல் கத்தாமல் இருந்திருந்தால் பம்ப்பின் உட்சக்கரம் அரித்துப் போயிருக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்:

பொறியாளர் சார், உங்கள் பம்ப் கதையைப் படித்ததும் எங்கள் வார்டு கண் முன்னே வந்துவிட்டது. எங்களுக்கு அலாரம் அடிப்பது செப்சிஸ் மாடல். ரத்தத்தில் தொற்று பரவி உறுப்புகள் தளரப்போகிறதா என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியது அதன் வேலை. இதில் ஒவ்வொரு மணி நேரமும் உயிர்ப் பிரச்சினை. அதனால் இந்த மாடல் நன்றாக இருக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர் இருக்க முடியாது.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: டாக்டர் நோயாளியைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்க்க ரத்தம் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லி, ஆன்டிபயாட்டிக்கும் எழுதிவிடுவார். நான் மருந்தை ஏற்றிக்கொண்டிருப்பேன். அப்போது திரையில் அலாரம் வரும். மருந்து எழுதப்பட்டதையே ஒரு தடயமாக எடுத்துக்கொண்டால் அது எப்படி முன்கணிப்பு ஆகும்? மதிப்பெண் போடும்போது மட்டும் இது ‘சரியாகக் கண்டுபிடித்தது’ என்ற கணக்கில் போய்விடும்.

அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு செப்சிஸ் மாடலை, மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டிருந்தது. அதே நேரத்தில் உள்நோயாளிச் சேர்க்கைகளில் 18 சதவீதத்துக்கு அலாரம் அடித்திருந்தது. இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். எச்சரிக்கை ஓயாமல் வருகிறது, வர வேண்டிய இடத்தில் வருவதில்லை. இப்படி இருந்தால் நாளடைவில் கை தானாகவே அலாரத்தை அணைத்துவிடும். எனக்குப் பயம் அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான்.

நல்லதும் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும். வயதான ஒரு அம்மா. காய்ச்சல் இல்லை, பேச்சு தெளிவு, யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மாடல் அடித்தது. போய் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 20-ஐத் தாண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. வயதானவர்களுக்குத் தொற்று இருந்தாலும் உடம்பு சுடாமல் போகலாம், மூச்சின் வேகம் முதலில் காட்டிக்கொடுக்கும். டாக்டரைக் கூப்பிட்டேன், உடனே சிகிச்சை தொடங்கியது. அந்த அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார். அந்த ஒரு அலாரத்துக்காக மற்றதை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் பொறுத்துக்கொள்ளச் சொல்வது சரியான தீர்வு இல்லை, மாடலைத் திருத்துவதுதான் தீர்வு.

புள்ளியியல் படித்தவர்:

செவிலியர் அக்கா சொன்ன ஓயாத அலாரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 10,000 பேரில் 100 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளவர்களில் 90 சதவீதம் பேரை மாடல் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. பிடிபட்ட நோயாளிகள் 90, வீணாகப் பிடிபட்டவர்கள் 990. அதாவது அலாரம் அடித்த 1,080 பேரில் 12 பேருக்கு ஒருவர்தான் உண்மையான நோயாளி. நோய் அரிதாக அரிதாக இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். ஆலைப் பழுதுக்கும் இதே கணக்குதான்.

கண் பரிசோதனைப் பிரிவில் இருப்பவர்:

சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுப்பது என் வேலை. இந்தத் துறையில் மாடல் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம், காரணமும் உண்டு. கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட மாடல் 1,28,175 விழித்திரைப் படங்களில் பயின்றது. அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா போன்ற இடங்களின் படங்களும் அதில் உண்டு. ஒவ்வொரு படத்தையும் பல கண் மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். 2018-இல் அமெரிக்காவில் மருத்துவர் பார்க்காமலே முடிவு சொல்லும் கருவிக்கு முதல் அனுமதி கிடைத்ததும் இந்த விழித்திரைப் பாதிப்புக்குத்தான்.

ஆனால் படம் எடுக்கிற ஆள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தாய்லாந்துக் கிளினிக்குகளில் கூகுள் மாடலை இறக்கியபோது ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் தரம் போதாது என்று தள்ளப்பட்டது. அறை போதிய இருட்டாக இல்லாததும் ஒரு காரணம். தள்ளப்பட்ட நோயாளி இன்னொரு நாள் வேறு இடத்துக்கு அலைய வேண்டும். என் அனுபவத்திலும் அதே. கண்மணி சுருங்கியிருந்தால், புரை இருந்தால் படம் மங்கும். திரையை இழுத்து மூடி, நோயாளியைக் கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார வைத்து எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மாடலுக்குக் கோடி செலவழிக்கிறவர்கள் திரைத்துணிக்கும் வழி செய்ய வேண்டும்.

கதிரியக்க மருத்துவர்:

நான் சுருக்கமாக எழுதுகிறேன். எங்களிடம் மார்பு எக்ஸ்ரே மாடல் ஒன்றைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க வேண்டும். மொத்த மதிப்பெண் அபாரம். எனக்கு ஒரு சந்தேகம். காற்றை வெளியேற்ற ஏற்கெனவே குழாய் போட்ட நோயாளிகளின் படங்களைத் தனியாக எடுத்து வைத்தேன். குழாய் இல்லாத படங்களில் மதிப்பெண் கணிசமாக விழுந்தது. மாடல் குழாயைப் பார்த்தே நோயைச் சொல்லியிருக்கிறது. குழாய் போட்டவருக்கு நோய் இருப்பது எங்களுக்கே தெரியும். தெரியாதவரைக் கண்டுபிடிக்கத்தானே மாடல்?

இது எங்கள் இடத்தில் மட்டும் நடப்பதில்லை. 2018-இல் வெளிவந்த நிமோனியா ஆய்வு ஒன்றில், எக்ஸ்ரேயைப் பார்த்து அது எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையே மாடலால் கிட்டத்தட்டத் தவறாமல் சொல்ல முடிந்தது. படத்தின் ஓரத்தில் வைக்கும் உலோக அடையாளமும் அதற்குத் துப்புக் கொடுத்தது. நிமோனியா நோயாளிகள் அதிகம் வரும் மருத்துவமனை எது என்று தெரிந்துவிட்டால் நுரையீரலைப் பார்க்கவே வேண்டாம்.

சரி, நம்பத் தகுந்தது எது என்றால், ஸ்வீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை. 2023-இல் முதல் முடிவு வந்தது. மாடல் துணையோடு பார்த்த குழுவில் மருத்துவர்களின் படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. புற்றுநோயைக் கண்டுபிடிப்பது குறையவில்லை. பழைய படங்களில் மதிப்பெண் வாங்குவதை விட்டு, உயிரோடு வரும் நோயாளிகளிடம் இப்படிச் சோதிக்க வேண்டும்.

மாணவர் திட்டங்களை மதிப்பிடும் ஆசிரியர்:

மாணவர்கள் பயிற்சிக்கு அதிகம் எடுப்பது பிமா நீரிழிவுத் தரவு, அமெரிக்கப் பழங்குடியான பிமா இனப் பெண்களிடம் எடுத்தது. அதில் 768 பேர். அவர்களில் 374 பேருக்கு இன்சுலின் 0 என்றும் 35 பேருக்கு ரத்த அழுத்தம் 0 என்றும் இருக்கிறது. ரத்த அழுத்தம் 0 என்றால் ஆள் உயிரோடு இல்லை. அளக்காமல் விட்டதைத்தான் 0 என்று போட்டிருக்கிறார்கள். இதைக் கவனித்து எழுதும் மாணவருக்கு, துல்லியம் கொஞ்சம் குறைந்தாலும் நான் கூடுதல் மதிப்பெண் தருகிறேன். எல்லோருக்கும் ‘நோய் இல்லை’ என்று சொன்னாலே இதில் 65 சதவீதம் வந்துவிடும் என்பதையும் முதல் வகுப்பிலேயே போட்டுக்காட்டுகிறேன்.

பொது மருத்துவர்:

கதிரியக்க மருத்துவர் சொன்ன குழாய் விஷயத்தை இன்னும் ஆழமாகப் பார்க்க ஒரு பழைய உதாரணம் உண்டு. நிமோனியா நோயாளிகளில் யாருக்கு உயிராபத்து என்று கணிக்க அமெரிக்காவில் மாடல்கள் செய்தபோது, ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து குறைவு என்று தரவிலிருந்து ஒரு விதி வந்தது. ரிச் கருவானாவும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் இதை விரிவாக எழுதினார்கள். காரணம் எளிது. ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா என்றால் டாக்டர்கள் பதறிப்போய் நேராக ஐசியூவில் சேர்த்துவிடுவார்கள். அந்தக் கவனிப்பால் அவர்கள் பிழைத்தார்கள். தரவில் தெரிந்தது பிழைத்தது மட்டும். அந்த விதியை நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. உள்ளே என்ன விதி இருக்கிறது என்று படித்துப் பார்க்கக்கூடிய மாடல் என்பதால் அது பிடிபட்டது. அதனால்தான் விளக்கம் தரும் மாடல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன்.

அதிர்வுப் பகுப்பாய்வுப் பொறியாளர்:

டாக்டர், இது அப்படியே எங்கள் பிரச்சினை. முக்கியமான இயந்திரம் என்றால் லேசாக முனகினாலே பேரிங்கை மாற்றிவிடுகிறோம். அதனால் தரவில் அது ‘ஒருபோதும் பழுதாகாத’ இயந்திரம். கவனிப்பாரற்ற இயந்திரம்தான் முழுசாக உடைந்து, தரவில் பழுதாகப் பதிவாகிறது. முற்றும்வரை ஓடவிட்ட பதிவுகள் கிடைப்பதே அரிது. விமான எஞ்சின் ஆயுளைக் கணிக்க நாசா 2008-இல் கொடுத்த புகழ்பெற்ற தரவுகூட கணினியில் உருவகப்படுத்தியதுதான். நிஜ எஞ்சினை உடையும்வரை யார் ஓட்டுவார்கள்?

நாங்கள் இப்போது செய்வது: அலாரம் வந்து பேரிங்கைக் கழற்றினால் குப்பையில் போடுவதில்லை. வெட்டிப் பார்த்து, வளையத்தைப் படம் எடுத்து, உண்மையில் என்ன பழுது, பழுதே இல்லையா என்று அலாரம் வந்த நேரத்தோடு சேர்த்து எழுதிவைக்கிறோம். இடையில் கிரீஸ் போட்டதும், வேகம் மாற்றியதும் அதே வரியில் இருக்கும். மாடலை மறுபடி பயிற்றும்போது இதுதான் எங்களுக்குக் கிடைக்கும் மிக நல்ல தரவு. செவிலியர் அம்மா, உங்கள் வார்டில் இப்படி எழுதிவைக்க முடியுமா?

தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்:

முடியும் சார். கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த நேரம், முதல் ஆன்டிபயாட்டிக் ஏற்றிய நேரம், அலாரம் வந்த நேரம். மூன்றும் கணினியில் வேறு வேறு பக்கத்தில் ஏற்கெனவே இருக்கின்றன, ஒரே வரியில் யாரும் சேர்த்ததில்லை. அலாரம் வந்தபோது மூச்சை எண்ணினோமா என்று நான்காவதாக ஒரு கட்டமும் கேட்கப்போகிறேன். அடுத்த வாரம் தரக் கட்டுப்பாட்டுக் கூட்டம் இருக்கிறது, அதில் வைக்கிறேன்.