பிளாக்செயினில் தமிழ்ச் செய்தி, சான்றிதழ் பதிவு: எங்கே சிக்கும், ஏன் சிக்கும்

(பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும், எழுதியதைத் திருத்த முடியாத பதிவேடு. கீழே 'சங்கிலி' என்பது அதுதான். பேசுபவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறோம்.)

காட்பாடி:
ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழில்காரர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் உடலில் படுகிற தோல் பொருளில் குரோமியம் 6 கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டிவிட்டாலே விற்க முடியாது. அதனால் வாங்குபவர் பரிசோதனை அறிக்கை கேட்கிறார். அதை அப்புறம் யாரும் திருத்தவில்லை என்று அவருக்கு எப்படிக் காட்டுவது?

அறிக்கையின் பிடிஎஃப்பை அப்படியே சங்கிலியில் ஏற்றப் பார்ப்பதுதான் முதல் தவறு. எதிரியம் (Ethereum) என்ற சங்கிலியில் 32 பைட் கொள்கிற ஒரு புதுச் சேமிப்பிடத்துக்கு 22,100 கேஸ் (வேலைக்கேற்ற கட்டண அலகு) போகும். ஒரு கிலோபைட்டுக்கு 32 இடம், அதாவது 7,07,200 கேஸ். 300 கிலோபைட் அறிக்கை என்றால் 21 கோடிக்கு மேல். ஒரு பரிவர்த்தனையில் அது அடங்கவே அடங்காது. அதே அறிக்கையின் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ், அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை, வெறும் 32 பைட். அதைப் பரிவர்த்தனையின் தரவுப் பகுதியில் வைத்து அனுப்பினால் எல்லாம் சேர்த்து 22,280 கேஸ்தான். அடிப்படைக் கட்டணம் 21,000, மீதி பைட்டுக்கு 40 வீதம். (2025 மே பெக்ட்ரா மேம்பாட்டுக்கு முன் எழுதிய வழிகாட்டிகளில் பைட்டுக்கு 16 என்று இருக்கும். தரவு மட்டும் சுமக்கும் பரிவர்த்தனைக்கு அந்தக் கணக்கு இப்போது செல்லாது.)

ஒன்றை மனதில் வையுங்கள். சங்கிலியில் போவது கைரேகை மட்டும். ஆளை, அதாவது கோப்பை, பத்திரமாக வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. கோப்பு தொலைந்தால் ஹாஷை வைத்துக்கொண்டு எதையும் மீட்க முடியாது.

குடியாத்தம்:
செய்தி அனுப்பும் பக்கத்தை நான் சொல்கிறேன். முதலில் செப்போலியா என்ற எதிரியச் சோதனை வலையில் (டெஸ்ட்நெட்) பழகுங்கள், அங்கே நாணயம் இலவசம். மெட்டாமாஸ்க் வாலட்டில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் ஹெக்ஸ் தரவைக் காட்டும் தெரிவை இயக்கினால், அனுப்பும் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரும். செய்தியை யுடிஎஃப்-8 (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) ஹெக்ஸாக (16 அடிமான எண்ணாக) மாற்றி, முன்னால் பூஜ்யமும் எக்ஸும் (0x) சேர்த்து அந்தக் கட்டத்தில் ஒட்டுங்கள். தொகை 0 போதும். அனுப்பிய பிறகு ஈதர்ஸ்கேன் தளத்தில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, உள்ளீட்டுத் தரவை யுடிஎஃப்-8 ஆகப் பார்த்தால் தமிழ் எழுத்து தெரியும்.

'வணக்கம்' என்பது யூனிகோடில் 7 குறியீடு, ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 21. கேஸ் 21,840. கேஸ் வரம்பைக் கையால் 21,000 என்று போட்டு அனுப்புகிறவர்கள் நிறைய. வெறும் பணம் அனுப்ப அது போதும், தரவு இருந்தால் போதாது. 'கேஸ் குறைவு' என்று அப்போதே திருப்பி அடிக்கும். இன்னொன்று, பெறுநர் முகவரி ஒரு ஒப்பந்தமாக (சங்கிலியில் ஓடும் நிரல்) இருந்து, தெரியாத தரவை ஏற்கும் வழி அதில் எழுதப்படாவிட்டால் பரிவர்த்தனை தோற்கும், கட்டணம் போனது போனதுதான். செய்தி பதிந்தால் போதும் என்றால் உங்கள் முகவரிக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து பணம் எடுக்கும்போது தரவு சேர்க்க இடமில்லை, சொந்த வாலட் வேண்டும்.

இப்படி அனுப்புவது விளையாட்டுக்கு மட்டுமல்ல. 2021 ஆகஸ்டில் சங்கிலிகளுக்கிடையே பணம் மாற்றும் பாலி நெட்வொர்க்கில் 61 கோடி டாலர் அளவுக்குத் திருட்டு நடந்தபோது, திருடியவரும் மற்றவர்களும் பேசிக்கொண்டது இதே தரவுப் பகுதியில்தான். உலகமே படித்தது.

ஆற்காடு:
அதையே நானும் சொல்ல வந்தேன் அண்ணா. இது தபால் அட்டை மாதிரி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மறைத்து அனுப்ப, பெறுபவரின் பொதுச் சாவியால் பூட்ட வேண்டும், அவருடைய தனிச் சாவிதான் அதைத் திறக்கும். முகவரி மட்டும் தெரிந்தால் போதாது. முகவரி என்பது பொதுச் சாவியின் ஹாஷில் கடைசி 20 பைட். அவர் முன்பு ஒரு பரிவர்த்தனையாவது அனுப்பியிருந்தால் அந்தக் கையெழுத்திலிருந்து சாவியைக் கணக்கிட்டு எடுக்கலாம். புத்தம் புது முகவரியானால் அவரிடமே கேட்டு வாங்க வேண்டியதுதான். பூட்டிய செய்தியும் சங்கிலியில் என்றென்றைக்கும் கிடக்கும். அவருடைய தனிச் சாவி என்றாவது கசிந்தால் பழையது எல்லாம் திறந்துகொள்ளும்.

ஆம்பூர்:
கைரேகை பொருந்தவில்லை என்று வருகிற புகார்களில் முக்கால்வாசி சங்கிலியின் குற்றமே அல்ல. கோப்புதான் மாறியிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஹாஷ் மாறும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்ப வேண்டும். பிடிஎஃப்பைத் திறந்து மறுபடி சேமித்தாலே உள்ளே தேதி மாறிவிடும். கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் ஒன்றும் ஆகாது.

தமிழ் உரைக்கு இன்னொரு பள்ளம் உண்டு, ஆங்கில வழிகாட்டிகளில் இதை அதிகம் பார்க்க முடியாது. 'தோல்' என்ற சொல்லையே எடுங்கள். 'தோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஒன்று 12 பைட், மற்றது 15. ஹாஷுக்குச் சம்பந்தமே இருக்காது. ஹாஷ் எடுக்கும் முன் உரையை என்எஃப்சி (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், பைத்தானில் யூனிகோட்டேட்டா நிரலகம் ஒரே வரியில் செய்யும். சரிபார்ப்பவரும் அதையே செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். 'ஸ்ரீ'யில் மட்டும் இது உதவாது. முதல் எழுத்தை ஸ என்றும் ஶ என்றும் இரண்டு விதமாக அடிக்கிறார்கள், என்எஃப்சி அதை ஒன்றாக்காது. முகவரியிலும் பெயரிலும் ஸ்ரீ வரும் ஊர் நம்முடையது, அதனால் ஒரு வடிவத்தை முடிவு செய்து மற்றதை நீங்களே மாற்றுங்கள். விண்டோஸ் வரி முடிவில் இரண்டு பைட் வைக்கும், லினக்ஸ் ஒன்று. நோட்பேட் சில சமயம் கோப்பின் தலையில் 3 பைட் அடையாளக் குறி சேர்க்கும். இரண்டையும் கவனியுங்கள்.

ராணிப்பேட்டை:
ஒவ்வொரு அறிக்கைக்கும் தனிப் பரிவர்த்தனை போடுவது வீண் செலவு. 1,000 அறிக்கையின் ஹாஷ்களை மெர்க்கிள் மரமாக (இரண்டிரண்டாகச் சேர்த்து மறுபடி மறுபடி ஹாஷ் எடுத்து ஒன்றாக்குவது) கட்டினால் உச்சி ஹாஷ் ஒன்றை மட்டும் பதிந்தால் போதும். மரம் 10 படி உயரம் இருக்கும், ஒரு அறிக்கைக்கான சான்று 10 ஹாஷ், 320 பைட். அந்தச் சான்றையும் அறிக்கையோடு வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டும். சங்கிலியில் உச்சி பத்திரமாக இருக்க, கீழே வழி தொலைந்துபோவதுதான் இதில் நடக்கிற கோளாறு.

இதையே இலவசமாகச் செய்ய ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் இருக்கிறது, பிட்காயினில் பதியும். முத்திரை போட்டவுடன் ஒரு சின்னக் கோப்பு கிடைக்கும். அது அரைகுறை, காலண்டர் சர்வரை நம்பி நிற்கிறது. சில மணி நேரம் கழித்து 'அப்கிரேட்' கட்டளை கொடுத்தால்தான் பிட்காயின் வரை முழு வழியும் கோப்புக்குள் வரும். இதை மறப்பவர்கள் அதிகம்.

பிட்காயினில் நேரடியாக எழுதுவதானால் ஓபி ரிட்டர்ன் என்ற தரவு இடம் இருக்கிறது. 80 பைட் என்பதே வெகுகாலம் வழக்கமான வரம்பு. 2025 அக்டோபரில் வந்த பிட்காயின் கோர் மென்பொருளின் 30ஆம் பதிப்பு இயல்பு வரம்பை 1,00,000 பைட் ஆக்கியது, பழைய பதிப்பு ஓடும் நோடுகள் (வலையின் கணினிகள்) பெரியதைக் கடத்தாது. 'வேலூர் மாவட்டம்' என்று எழுதினாலே 43 பைட். தமிழில் கதை எழுதும் இடமல்ல, ஹாஷை வையுங்கள்.

நேரத்தையும் அளவோடு நம்புங்கள். பிட்காயின் பிளாக்கின் நேரம் இரண்டு மணி வரை முன்னே பின்னே இருக்கலாம். கோப்பு அந்த நாளுக்குள் இருந்தது என்று மட்டும் பதிவு சொல்லும். அறிக்கை உண்மையா, யார் எழுதியது என்று சொல்லாது.

ஆற்காடு:
கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு: 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பும் எந்த முறை என்பதும் கேட்கப்படுகிறது. அதனால் முதல் நாளே குறித்து வைத்த எஸ்ஹெச்ஏ-256 மதிப்பு நேரடியாக உதவும். சங்கிலியில் இருக்கிறது என்பதற்காகச் சான்றிதழ் வேண்டாம் என்று ஆகிவிடாது.

தொழிலாளர் ஆதார் எண்ணை ஹாஷ் செய்து ஏற்றினால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் தடுத்து நிறுத்துங்கள். எண் 12 இலக்கம்தான். எல்லா எண்ணையும் ஹாஷ் செய்து ஒப்பிட நல்ல கிராபிக்ஸ் அட்டைக்குச் சில நிமிடம்கூட ஆகாது. கைபேசி எண் இன்னும் சுலபம். சங்கிலியில் ஏறியதை அழிக்க முடியாது, அந்தத் தொழிலாளியின் எண் காலத்துக்கும் அங்கே கிடக்கும். தனிநபர் விவரத்தை ஏற்றாமல் இருப்பதே சரி. தவிர்க்கவே முடியாதென்றால் ஒவ்வொன்றோடும் 16 பைட் தற்போக்கு 'உப்பு' (யாரும் ஊகிக்க முடியாத எண்) சேர்த்து ஹாஷ் எடுத்து, உப்பை வெளியே விடாமல் கோப்போடு வையுங்கள்.

காட்பாடி:
விட்டுப்போன இரண்டு. ஐபிஎஃப்எஸ் என்ற பரவல் கோப்பு வலையில் போட்டால் நிரந்தரம் என்ற நினைப்பு தவறு. யாராவது 'பின்' செய்து (தன் கணினியில் தக்கவைத்து) வைத்திருக்கும் வரைதான் கோப்பு கிடைக்கும். சொந்தக் கணினி ஒன்று, வெளிச் சேவை ஒன்று என்று இரண்டு இடத்தில் பின் செய்யுங்கள். எதிரியத்தின் பிளாப் எனும் தற்காலிகத் தரவு இடம் மலிவு, ஆனால் சுமார் 18 நாளில் நீக்கப்படும். ஆவணக் காப்புக்கு ஆகாது.

எதிரியப் பரிவர்த்தனை தொங்கி நின்றால் அடுத்ததை அனுப்பிப் பயனில்லை, வரிசையில் பின்னால்தான் நிற்கும். அதே நான்ஸ் எண்ணில் (பரிவர்த்தனையின் வரிசை எண்), அதிகபட்சக் கட்டணம், முன்னுரிமைக் கட்டணம் என்ற இரண்டு கட்டண மதிப்பையும் குறைந்தது 10 சதவீதம் கூட்டி மறுபடி அனுப்புங்கள். பிளாக்கில் ஏறியதும் சுமார் 13 நிமிடம் பொறுத்து, இறுதியானது என்று காட்டிய பிறகு வாங்குபவருக்குப் பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள்.