டிசம்பரில் உல்லாசக் கப்பல் பயணம்: இவ்வளவு உயரமான கப்பல் புயலில் எப்படிக் கவிழாமல் இருக்கிறது?

தோ பாயோ மகள்:
அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மரினா பேயிலிருந்து உல்லாசக் கப்பலில் சென்றுவர எண்ணியிருக்கிறோம். பினாங்கு, புக்கெட் செல்வதா, வியட்நாம் செல்வதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அம்மா சிறுமியாக நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். வங்கக் கடலில் இரண்டு நாள் தலைதூக்க முடியாமல் படுத்துக் கிடந்ததை இன்றும் சொல்வார். துறையில் நின்ற கப்பலைப் பார்த்து, "புளோக் வீட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருக்கிறார்கள், அடியில் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். 365 மீட்டர் நீளமும் இருபது தளங்களும் கொண்ட ஐக்கன் ஆஃப் தி சீஸ் கப்பலே ஏறத்தாழ 9 மீட்டர்தான் நீருக்குள் இருக்கிறது என்று படித்துக் காட்டியது என் தவறு. அம்மாவின் அச்சம் இரட்டிப்பாகிவிட்டது. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பொங்கோல் குமரன்:
தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை அம்மாவிடம் நினைவுபடுத்துங்கள், சகோதரி. இன்ஜின்கள், எரிபொருள், நன்னீர்த் தொட்டிகள், கப்பலை நிலையாக நிறுத்த அடியில் ஏற்றும் பாலாஸ்ட் நீர் என எடையுள்ளவை யாவும் அடித்தளத்தில் இருக்கின்றன; மேலே தெரியும் தளங்கள் பெரும்பாலும் மெல்லிய எஃகும் கண்ணாடியும்தான். அலை சாய்த்தாலும் கப்பல் எழுந்து நின்றுவிடும்.

பழைய இன்ஜினியர், செம்பவாங்:
தம்பி குமரன் சொன்ன உவமை பாதி சரி. மீதியைச் சொல்லாவிட்டால் தவறான எண்ணம் தங்கிவிடும். அடியில் அவ்வளவு எடை இருந்தும், இத்தகைய கப்பலின் எடை மையம் பொதுவாக நீர்மட்டத்துக்கு மேலேதான் அமைகிறது. அப்படியிருந்தும் அது நிமிர்வதற்குக் காரணம் அகலம். ஐக்கன் நீர்மட்டத்தில் ஏறத்தாழ 48 மீட்டர் அகலம் கொண்டது. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்தின் உடல் கூடுதலாக நீரில் அமிழ்ந்து, மறுபக்கம் அதே அளவுக்கு வெளியே வருவதால், நீர் கப்பலைத் தாங்கும் புள்ளி சாய்ந்த பக்கமாக நகர்ந்து கப்பலை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதற்காக எடையை எவ்வளவுக்கெவ்வளவு கீழே வைக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். அப்படிப்பட்ட கப்பல் வெடுக்கென்று நிமிரும். மேசையில் தட்டு நிற்காது, ஆள் நிற்க முடியாது. மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும்படி கணக்கிடுவதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது.

அந்தச் சாய்வையும் குறைப்பதற்கு ஸ்டெபிலைசர் துடுப்புகள் உண்டு. உலர்துறையில் ஏற்றிய ஒரு கப்பலின் அடியில் நின்று அவற்றைப் பார்த்திருக்கிறேன். உடலின் பக்கவாட்டில் உள்ள பொந்திலிருந்து மடங்கி வெளிவரும் இறக்கை அது. என் இரு கைகளை விரித்தாலும் அதன் பாதி நீளம் வராது. ஓரங்களில் சிப்பி ஒட்டியிருந்தது. கப்பலின் ஆட்டத்தைக் கருவி உணர்ந்ததும், விமானத்தின் இறக்கை காற்றில் செய்வதை இது நீரில் செய்து எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. ஆனால் கப்பல் வேகமாக ஓடினால்தான் அதற்குப் பலம். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அதனால் பயனில்லை.

இவையெல்லாம் இருந்தும், கேப்டனின் முதல் வேலை புயலின் அருகே போகாமலிருப்பதுதான். புயல்கள் பெரும்பாலும் மணிக்குப் பத்துப் பதினைந்து கடல் மைல் நகர்கின்றன. இக்கப்பல்கள் இருபதுக்கு மேல் ஓடக்கூடியவை. வட அரைக்கோளத்தில், புயல் நகரும் திசைக்கு வலப்பக்கத்தில் காற்றின் வேகத்தோடு புயலின் வேகமும் சேர்ந்துகொள்ளும் என்பதால், அந்தப் பாதியை மாலுமிகள் ஆபத்தான பக்கமென்று விலக்குவார்கள். தப்ப முடியாதபோது வேகத்தைக் குறைத்து அலையை முகப்பில் வாங்க வேண்டும். 1995 செப்டம்பரில் குவீன் எலிசபெத் 2 கப்பல் லூயிஸ் புயலில் ஏறத்தாழ 29 மீட்டர் உயர அலையை அப்படித்தான் எதிர்கொண்டு தப்பியது.

எனக்கு அச்சம் தருவது அலையன்று, மின்சாரம் நின்றுபோவதுதான். 2019 மார்ச் 23 அன்று நார்வே கரையருகே வைக்கிங் ஸ்கை கப்பலில், மசகெண்ணெய் அளவு குறைவாக இருந்த நிலையில் ஆட்டமும் சேர்ந்துகொள்ள, இன்ஜின்கள் நின்று மின்சாரமும் போயிற்று. கப்பலிலிருந்த 1,373 பேரில் 479 பேரை ஹெலிகாப்டரில் தூக்கவேண்டியதாயிற்று. கவிழவில்லை, ஆனால் தலையைத் திருப்ப முடியாத கப்பல் பாறையை நோக்கி மிதந்தது.

ஜூரோங் பயணி:
மூன்றாண்டுகளுக்கு முன் ஜனவரியில் வியட்நாம் சென்றோம். வடகிழக்குப் பருவக்காற்றில் கப்பல் ஆடியதைவிட, இரண்டாம் நாள் காலை நீச்சல்குளம் வறண்டு கிடந்ததுதான் என் பிள்ளைகளை அழவைத்தது. குளத்து நீர் ஒரு பக்கமாகச் சரிந்தால் சாய்வு கூடும் என்பதால் வடித்துவிட்டதாகப் பணியாளர் சொன்னார். லிஃப்ட் வாசலில் வாந்திப் பைகள் செருகி வைத்திருந்தார்கள். துறைமுகம் ஒன்றுக்குள் நுழையாமலேயே திரும்பினோம். திரும்பக் கிடைத்தது துறைமுகக் கட்டணம் மட்டுமே. கடலில் காற்றை எதிர்த்து முகம்காட்டி நிற்கும் கப்பல், துறையை அணையும்போது தன் சுவர் முழுவதையும் காற்றுக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறது என்பதை அப்போது புரிந்துகொள்ளாமல் சண்டை பிடித்தேன்.

பினாங்குக்கே போங்கள். வடகிழக்குக் காற்று படாமல் மலாக்கா நீரிணையை மலாய் தீபகற்பம் மறைத்து நிற்கிறது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாவதும் அரிது. 2001 டிசம்பரில் ஜொகூரைத் தாக்கிய வாமேய் விதிவிலக்கு.

தோ பாயோ மகள்:
அனைவருக்கும் மிக்க நன்றி. பினாங்கு, புக்கெட் என்றே முடிவு செய்து, ஆட்டம் குறைவாக இருக்குமென்பதால் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் அறை எடுத்துவிட்டோம். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அம்மா ஒன்று மட்டும் கேட்கச் சொன்னார்: "அந்த இன்ஜின் எண்ணெயை யார் பார்ப்பார்கள்?"

பழைய இன்ஜினியர், செம்பவாங்:
அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இன்ஜின் அறையில் இரவு பகலாக ஆள் இருப்பார்கள். மட்டம் குறைந்தால் அலாரமும் அடிக்கும். நான் சரக்குக் கப்பலில் இருந்த காலத்தில் விடியற்காலை நான்கு முதல் எட்டு வரை என் முறை. அலாரம் அடிக்காத நாளிலும் தொட்டிக்குள் அளவுக்கம்பியை இறக்கி, எண்ணெய் பட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்து, ஏட்டில் எழுதிய பிறகுதான் தேநீருக்குப் போவோம்.