புதுப்பிப்பு: காவடிப் பதிவில் காணாமல் போன மாற்ற வரலாறு

முன்பு கேட்டிருந்தது இதுதான்: மொரீஷியஸில் எங்கள் கோவிலின் தைப்பூசக் காவடிப் பதிவுச் செயலி ஜாங்கோவில் (பைதான் மொழியில் வலைச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) ஓடுகிறது. யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பதை சிம்பிள் ஹிஸ்டரி என்ற ஜாங்கோ துணைநிரல் எழுதி வைக்க வேண்டும். சில பதிவுகளில் நேரம் மாறியிருந்தும் வரலாற்றில் ஒரு வரிகூட இல்லை.

காரணம் கிடைத்துவிட்டது. ஒரு பதிவைத் திறந்து சேமித்தால் 'சேவ்' ஓடும். அது எழுப்பும் சிக்னலை ('சேமித்தாயிற்று' என்ற அறிவிப்பு) பிடித்துத்தான் வரலாறு எழுதப்படுகிறது. ஆனால் பலரின் நேரத்தை ஒரே அழுத்தில் மாற்றும் பொத்தான் குவெரிசெட்டின் (பல பதிவுகளைச் சேர்த்துக் கையாளும் ஜாங்கோ தொகுப்பு) 'அப்டேட்'டை அழைக்கிறது. அது நேராக எஸ்கியூஎல் கட்டளையாகி டேட்டாபேஸுக்குப் போய்விடும். சேவும் இல்லை, சிக்னலும் இல்லை. வாசலில் கணக்கெழுத ஆளை உட்கார வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட மாதிரி.

இப்போது அந்த இடத்தில் சிம்பிள் ஹிஸ்டரியின் 'பல்க் அப்டேட் வித் ஹிஸ்டரி' (பலவற்றை ஒன்றாக மாற்றி வரலாறும் எழுதுவது) போட்டாயிற்று. வரலாறு ஒழுங்காக விழுகிறது.

ட்ரிகர் (பதிவு மாறும்போது டேட்டாபேஸே தானாக ஓட்டும் நிரல்) வைக்கச் சொன்னவர்களுக்கு: யோசனை நல்லதுதான், டேட்டாபேஸில் நேரடியாகக் கை வைப்பவரையும் அது பிடிக்கும். ஆனால் செயலி முழுவதும் ஒரே போஸ்ட்கிரெஸ் (எங்கள் டேட்டாபேஸ்) பயனராக நுழைவதால் திருத்தியவர் யாரென்று ட்ரிகருக்குத் தெரியாது. ஒவ்வொரு ட்ரான்சாக்‌ஷனிலும் 'செட் லோக்கல்' கட்டளை வழியாகப் பயனர் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். திருவிழா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

செயலியில் நேரம் 4 மணி நேரம் பின்தங்கித் தெரிந்ததே, அது கோளாறே இல்லை. சேமிப்பது யூடிசியில் (உலகப் பொது நேரம்), நம் நேரம் யூடிசி+4. டைம்சோனை 'இந்தியன்/மொரீஷியஸ்' ஆக்கியதும் சரி.

விட்டுப்போன பழைய வரிகள் திரும்பாது. பேக்கப்போடு ஒப்பிட்டால் என்ன மாறியது என்று தெரிகிறது, யார் மாற்றினார் என்று அல்ல.