மறுமொழி: நினைவு நாணயமா, நினைவுவில்லையா?

வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘medal’ எனப்படுவதைத் தமிழில் ‘நினைவு நாணயம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 2024-இல் கலைஞர் நூற்றாண்டுக்கு வெளியான 100 ரூபாய் நாணயத்தை அப்படித்தான் சொல்கிறோம். அதில் மதிப்பு பொறித்திருக்கிறது. நாம் பேசுவதோ ஐரோப்பிய மன்னர்கள் தங்கள் பெருமையைப் பறைசாற்றவும் பரிசளிக்கவும் செய்த, மதிப்பு பொறிக்காத உலோக வட்டு. ‘பதக்கம்’ என்றால் பந்தயத்தில் ஜெயித்தவர் கழுத்துதான் நினைவுக்கு வருகிறது.

நான் முன்வைப்பது ‘நினைவுவில்லை’. வில்லை என்றால் மாத்திரை ஆயிற்றே என்று கேட்கலாம். அரசுச் சேவகர்கள் அணிந்த பித்தளை வில்லையும் வில்லைதான். அதிகாரத்தை உலோகத்தில் காட்டுவது அந்தச் சொல்லுக்குப் புதிதல்ல.

பிரான்சின் பதினான்காம் லூயியைப் பாருங்கள். வில்லைகளுக்கும் நினைவுச்சின்னங்களுக்கும் வாசகம் எழுத 1663-இல் அமைச்சர் கோல்பெர் ஓர் அறிஞர் குழுவை அமைத்தார். 1702-இல் அரசரின் ஆட்சி வரலாறே 286 வில்லைகளின் படங்களோடு புத்தகமாக வந்தது. அதே அரசர்தான் 1689-இல் போர்ச் செலவுக்காக வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசைகளை உருக்கி நாணயமாக்கக் கொடுத்தார். படைக்குச் சம்பளம் நாணயத்தில் போயிற்று. அந்தப் படையின் வெற்றி வில்லையில் ஏறியது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் இந்த உறவை எப்படி விளக்குவது?

‘அச்சுவில்லை’ என்ற சொல்லும் வேண்டாம். எல்லா வில்லையும் அச்சில் அடித்ததல்ல. 1438 வாக்கில் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவானுக்காக இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோ செய்த வில்லை வார்ப்பு.

சிக்கலானது இன்னொன்று. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்-வொல்ஃபன்பியூட்டல் பகுதியை ஆண்ட கோமகன் யூலியுஸ், 1574 முதல் ஹார்ட்ஸ் மலைச் சுரங்க வெள்ளியில் ‘லோசர்’ என்ற பெரிய காசுகளை அடித்தார். குடிமக்கள் அவரவர் வசதிக்கேற்ப அதை வாங்கியே ஆகவேண்டும். ஆனால் செலவழிக்கக் கூடாது. கேட்டால் எடுத்துக் காட்டவேண்டும். ஆபத்து வந்தால் அரசு கைவைக்க ஒரு சேமிப்பு, அதுவும் மக்கள் வீட்டிலேயே! எத்தனை கெட்டிக்காரத்தனமான நிதி ஏற்பாடு! இதில் மதிப்பு பொறித்திருப்பதால் வில்லை என்று சொல்ல முடியாது. ‘வைப்புக்காசு’ என்று தனியாகப் பதிவு செய்யலாம்.

அப்புறம், ஜெர்மானிய இளவரசர்கள் சங்கிலியில் கோத்து அணியக் கொடுத்தவற்றுக்கு மட்டும் ‘பதக்கம்’ இருக்கட்டும். அங்கே அது சரியாகப் பொருந்துகிறது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, நினைவுவில்லையைச் சேர்த்து எழுதுவதா, பிரித்தா? சேர்த்து எழுதவே நான் விரும்புகிறேன்.