ஐ5-2500கே 4.5 கிகாஹெர்ட்ஸ்: ப்ரைம்95 ஓடுகிறது, சும்மா இருக்கும்போது உறைகிறது

பழையபெட்டி (கேள்வி):
வணக்கம். பிராசஸர் இன்டெல் ஐ5-2500கே, இசட்68 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 1600 ராம், 120 மிமீ விசிறி உள்ள டவர் கூலர், 550 வாட் பவர் சப்ளை. ஓவர்கிளாக் செய்ய (இயல்பைவிட வேகமாக ஓட்ட) மல்டிப்ளையரை (100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கும் எண்) 45 ஆக்கி வோல்டேஜை ஆட்டோவில் விட்டால் லோடில் (முழு வேலையின்போது) 1.41 வோல்ட், 88 டிகிரி காட்டுகிறது. அதனால் ஆஃப்செட்டை (சிப் கேட்கும் வோல்டேஜில் கூட்டும் அல்லது கழிக்கும் அளவு) மைனஸ் 0.08 ஆக்கினேன். இப்போது லோடில் 1.33 வோல்ட், 78 டிகிரி. லோட் லைன் (லோடில் வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் அமைப்பு) உச்ச நிலையில் இருக்கிறது. பிராசஸருக்கு முழுச் சுமை தரும் சோதனை மென்பொருளான ப்ரைம்95 மணிக்கணக்கில் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது. ஆனால் பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போது கணினி அப்படியே உறைந்துவிடுகிறது. லோடில் தாங்குவது ஐடிலில் (சும்மா இருக்கும்போது) ஏன் விழுகிறது?

மின்னழுத்தம்:
ஆஃப்செட் எல்லா வேகத்துக்கும் ஒரே அளவுதான் கழிக்கும். வேலை இல்லாதபோது இந்தச் சிப் 1600 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும், அப்போது அது கேட்கும் வோல்டேஜே குறைவு. அதிலிருந்தும் 0.08 போனால் மிஞ்சுவது போதாது. ப்ரைம்95 சிப்பை எப்போதும் உச்சத்திலேயே வைத்திருப்பதால் இந்தக் குறை அதில் தெரியவே தெரியாது.

மூல காரணம் லோட் லைன். உச்ச நிலையில் லோடு ஏறினாலும் வோல்டேஜ் இறங்காது. அதனால்தான் 1.33-க்கு வர நீங்கள் அவ்வளவு கழிக்க வேண்டியிருந்தது. அதை நடு நிலைக்குக் கொண்டு வந்து, ஆஃப்செட்டை மைனஸ் 0.02 ஆக்குங்கள். லோடில் இயல்பாகச் சரிந்து பழைய 1.33 அருகில் நிற்கும், ஐடிலில் தேவையானது கிடைக்கும். எண்கள் போர்டுக்குப் போர்டு மாறும், ஆகவே முதல் தடவை லோடு கொடுத்து 1.38-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு 0.005 படிகளாகச் சரி செய்யுங்கள்.

உச்ச லோட் லைனில் இன்னொரு கெடுதல் உண்டு. லோடு சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் ஒரு குதி குதிக்கும். மென்பொருள் மானி அதைப் பிடிக்காது. பழைய சிப்புக்கு அந்தக் குதிப்பு நல்லதில்லை.

சந்தேகத்தை உறுதி செய்ய: சி3, சி6 நிலைகளைத் (வேலை இல்லாத கோர்களை உறங்க வைக்கும் மின்சேமிப்பு நிலைகள்) தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள். உறைவது நின்றால் ஐடில் வோல்டேஜ்தான் காரணம். பிறகு மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

வெப்பமானி:
மேலே சொன்னது சரி. ஆனால் ராமை இந்தக் கணக்கிலிருந்து முதலில் விலக்குங்கள். எக்ஸ்எம்பியை (ராமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) எடுத்துவிட்டு 1333-ல் ஓடவிட்டு, பிராசஸர் நிலைத்தபின் 1600 போட்டு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 முழுச் சுற்று ஓட்டுங்கள். இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் எது விழுந்தது என்றே தெரியாது. ராம் வோல்டேஜ் 1.5 போதும், 1.65-க்கு மேல் இந்தத் தலைமுறையில் வேண்டாம்.

நீலத்திரை வந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 124 அல்லது 101 என்று முடிந்தால் பெரும்பாலும் கோர் வோல்டேஜ் பற்றவில்லை. திரை வராவிட்டாலும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் வீயா லாக்கர் (WHEA-Logger, வன்பொருள் பிழைப் பதிவு) எச்சரிக்கை, எண் 19, இருக்கிறதா பாருங்கள். அது சிப் தானே திருத்திக்கொண்ட பிழை. ஒன்று இருந்தால்கூட அந்த அமைப்பு நிலையானது அல்ல, கோப்புகள் சத்தமில்லாமல் கெடும் நிலைக்கு அருகில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைகள் முடியும்வரை முக்கியமான கோப்புகளின் நகல் வேறு டிஸ்கில் இருக்கட்டும்.

வெப்பத்தைப் பற்றி: சக்தி வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். நாலு கோரும் ஓடும்போது இதன் இயல்பு வேகம் 3.4. அங்கே 1.2 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 4.5-ல் 1.33 என்பது 1.6 மடங்குக்கும் மேல். 78 டிகிரி ப்ரைம்95-க்குப் பரவாயில்லை. 80-ஐத் தாண்டினால் கூலரைக் கழற்றிப் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். இந்தச் சிப்பின் மேலுள்ள உலோக மூடி சாலிடர் செய்யப்பட்டது, அதைத் திறப்பதில் பயன் இல்லை. 2012-ல் வந்த அடுத்த தலைமுறையில்தான் அங்கே பேஸ்ட் வந்தது.

கோர் வெப்பத்தோடு நிறுத்த வேண்டாம். சாக்கெட்டைச் சுற்றியுள்ள மாஸ்ஃபெட்டுகளும் (பிராசஸருக்கு மின்சாரம் தரும் பாகங்கள்) இதே சுமையைச் சுமக்கின்றன. டவர் கூலர் காற்று அவற்றின் மேல் படாது. ஹீட்சிங்க் இல்லாத போர்டு என்றால் 4.2-ல் நிறுத்துங்கள். மேல்பக்கம் உப்பிய கெப்பாசிட்டர் கண்ணில் பட்டால் ஓவர்கிளாக்கே வேண்டாம்.

பழையபெட்டி:
நன்றி. நடு நிலை, மைனஸ் 0.02 போட்டேன். லோடில் 1.336, ஐடிலில் உறையவில்லை. இரண்டு சந்தேகம். ஸ்லீப்பில் இருந்து எழும்போது மட்டும் கருப்புத் திரை. கடைசியாக, பேஸ் கிளாக்கை (அடிப்படைக் கடிகாரம்) 103 ஆக்கி 4.6 தொடலாமா?

மின்னழுத்தம்:
ஸ்லீப்: பயாஸில் இன்டர்னல் பிஎல்எல் ஓவர்வோல்டேஜ் (சிப்பின் உள் கடிகாரச் சுற்றுக்குக் கூடுதல் வோல்டேஜ்) ஆன் ஆகியிருக்கும், அணையுங்கள். மிக உயர்ந்த மல்டிப்ளையருக்குத்தான் அது தேவைப்படும், 45-க்குப் பெரும்பாலும் வேண்டாம். அது ஆனில் இருந்தால் ஸ்லீப்பில் இருந்து எழுவதில் சிக்கல் வருவது இந்தத் தலைமுறையில் தெரிந்த விஷயம்.

பேஸ் கிளாக்கைத் தொட வேண்டாம். இந்தத் தலைமுறையில் பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா எல்லாம் அந்த ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. 103-ல் பிராசஸர் தாங்கினாலும் டிஸ்க் பிழை வரலாம். 4.6 வேண்டுமென்றால் மல்டிப்ளையர் 46, வோல்டேஜ் 0.02 கூட்டிப் பாருங்கள். 1.38-க்குள் நிலைக்காவிட்டால் 45-க்கே திரும்புங்கள். அந்த 100 மெகாஹெர்ட்ஸ் சுமார் இரண்டு சதவீதம்தான்.